பொதிகையைவிட உயரத்தில் இருக்கும் ஏரிகளுக்கு: நெல்லையிலிருந்து முதல்முறை பை தூக்குகிறவர்களுக்கு

பொதிகை உச்சி 1,868 மீட்டர். காஷ்மீரில் மலை ஏரிகளையெல்லாம் பார்த்துவிட்டு இறங்கி வந்து, 'அப்பாடா, முடிஞ்சுது' என்று டீ குடிக்கிற நரநாக் கிராமம் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பாபநாசத்தில் நின்று நாம் அண்ணாந்து பார்த்து வளர்ந்த மலையின் தலையைவிட அந்தப் பயணத்தின் அடிவாரம் உயரம். செண்பகாதேவி அருவிக்கு ஏறி இறங்கிய தைரியத்தில் "நாங்களும் வாரோம்" என்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான்.

இங்கே நான் பேசுவது சோனாமர்க்கில் தொடங்கி நரநாக்கில் முடிகிற பாதை. 'காஷ்மீர் கிரேட் லேக்ஸ்' என்றால் மலையேற்றக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நடை, ஆறேழு நாள். வழியில் நிச்னாய், கட்சர், ஜாஜ் என்று மூன்று கணவாய்கள். விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல், நந்த்கோல் என்று ஏரிகள். நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கதை கீழே வரும்.

ஆள் சேர்ப்பதும் சீட்டுக் குலுக்குவதும்

வாட்ஸ்அப் குழுவில் "காஷ்மீர் போவமாடே?" என்று கேட்டால் பதினோரு பேர் கை தூக்குவார்கள். முன்பணம் கேளுங்கள். நான்கு பேர் மிஞ்சுவார்கள். அந்த நான்கு பேர்தான் உங்கள் குழு. எங்களுடைய நான்கு: பேட்டைக்காரன், டவுன்காரன், மேலப்பாளையத்துக்காரன், பாளையங்கோட்டையிலிருந்து நான். கூடாரம் இரண்டிரண்டு பேருக்கு என்பதால் இரட்டைப்படை எண் வசதி. ஆறுக்கு மேல் போனால் ஒருவர் தயாராவதற்குள் இன்னொருவருக்கு வயிறு கலக்கும்.

கிளம்பும் முன்பே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, யாருக்குத் தலை வலித்தாலும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். இரண்டு, குழுவில் ரொம்ப மெதுவாக நடக்கிறவன் வேகம்தான் எல்லாருடைய வேகமும். மூன்று, யாராவது பாதியில் இறங்க வேண்டி வந்தால் தனியாக அனுப்பக்கூடாது; கூட யார் இறங்குவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். மலையில் வைத்து அதைப் பேசினால் நட்பு தாங்காது. லட்சியமாகக் காசு சேர்த்து வந்தவன் "நான் ஏன் இறங்கணும்?" என்று கேட்பான், அதில் நியாயமும் இருக்கும். நாங்கள் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பெயர் வந்தது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தசோகை எதுவாவது இருந்தால் முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது, யாரோடு

ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை. நமக்குக் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் கணவாய்களில் பனி மிச்சமிருக்கும், புல்வெளியில் பூ நிறைய. செப்டம்பரில் புல் பழுத்து நிறம் மாறியிருக்கும், வானம் தெளிவு, ராத்திரிக் குளிர் அதிகம். எனக்கு ஆகஸ்ட் கடைசி பிடிக்கும்.

எல்லைப்பகுதி என்பதால் பாதை திறந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு பருவமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்த பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடிவிட்டார்கள். டிக்கெட் போடும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனைகளையும் வாசித்துவிடுங்கள்.

முதல்முறை என்றால் சொந்தமாகக் கூடாரம், அடுப்பு எல்லாம் தூக்கிக்கொண்டு போகும் எண்ணமே வேண்டாம். வழிகாட்டி, சமையல்காரர், குதிரைக்காரர் உள்ள ஓர் ஏற்பாட்டாளரோடு போங்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சோனாமர்க்கில் எத்தனை ராத்திரி தங்கவைப்பீர்கள்? ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இடையில் ஓய்வு நாள் உண்டா? முதல் தடவை நாங்கள் போன ஏற்பாட்டாளர் "ஓய்வு நாளெல்லாம் எதுக்கு சார், ஆறே நாள்ல முடிச்சுடலாம்" என்றார். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம். குற்றம் பாதி எங்களுடையது.

கூடாரமும் சமையல் சாமானும் குதிரையில் போகட்டும். உங்கள் பையை நீங்கள்தான் தூக்க வேண்டும் என்பது என் கட்சி. அதையும் குதிரையில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு நடந்தால், மழை வரும்போது மழைக்கோட்டு குதிரையோடு அடுத்த மலையில் இருக்கும்.

நெல்லையில் மூன்று மாதப் பயிற்சி

நம் ஊர் வெயிலில் அதிகாலை ஐந்து மணிதான் பயிற்சி நேரம். முதல் மாதம் வெறும் ஓட்டமும் நடையும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தைச் சுற்றினாலும் சரி, ஆற்றங்கரைச் சாலையானாலும் சரி, 5 கிலோமீட்டரை மூச்சுவிடத் திணறாமல் 40 நிமிஷத்துக்குள் முடிக்கிற நிலைக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாம் மாதம் படிகள். கடையம் பக்கம் தோரணமலை முருகன் கோயில் படிகளைவிட நல்ல பயிற்சிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. ஏறுவதை எல்லாரும் செய்வார்கள். இறங்குவதைக் கவனியுங்கள், முழங்காலுக்கு அதுதான் சோதனை. உவரிக் கடற்கரை மணலில் நடப்பதும் கணுக்காலுக்கு நல்லது. கடைசி மாதம் எட்டு கிலோ எடையைப் பையில் போட்டுக்கொண்டு இதையே செய்யுங்கள். நாங்கள் அரிசிப் பையைப் போட்டு நடந்தோம். தோரணமலையில் ஒரு பாட்டி, "எய்யா, அன்னதானத்துக்கா கொண்டு போறீய?" என்று கேட்டார்.

காட்டுப்பாதையில் நடந்து பார்க்க ஆசையிருந்தால், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதை மறந்துவிடாதீர்கள். இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு வனத்துறை அனுமதிக்கிற நாளில், அனுமதிக்கிற நேரத்தில் நடந்து போய் வரலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்த திட்டத்தில், மாநிலம் முழுக்க 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். ஒரு நாள் அப்படி நடந்துவிட்டு வந்தால் உங்கள் பூட்ஸ் எங்கே கடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இத்தனை செய்தாலும் ஒன்றுக்கு மட்டும் இங்கே பயிற்சி கிடையாது. உயரத்துக்கு. 4,000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். மாரத்தான் ஓடுகிறவனையும் அது விடாது. எங்கள் நான்கு பேரில் நல்ல ஓட்டக்காரன் பேட்டைக்காரன்தான்.

பையில் என்ன

பூட்ஸ்தான் முதல் செலவு. கணுக்காலை மூடுகிற மாதிரி, நீங்கள் வழக்கமாகப் போடுவதைவிட அரை அளவு பெரிதாக. இரண்டு மாதமாவது போட்டு நடந்து பழக்கியிருக்க வேண்டும். புது பூட்ஸோடு சோனாமர்க்கில் இறங்குகிறவனுக்கு முதல் நாள் சாயங்காலமே குதிகாலில் கொப்புளம் நிச்சயம்.

50 முதல் 60 லிட்டர் ரக்ஸாக். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். எடையைச் சுமப்பது இடுப்பு, தோள் சும்மா பிடித்துக்கொள்ளத்தான். மொத்தம் 10 கிலோவைத் தாண்டினால் பிரித்துக் கொட்டி, 'இது இல்லாமல் செத்துவிடுவேனா' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டவுன்காரன் முதல் தடவை ஷேவிங் செட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் கொண்டு வந்திருந்தான்.

துணியில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நம் ஊருக்குப் பருத்தியைப் போல ஒன்று கிடையாது; அங்கே அதுவே எதிரி. வேர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் உடம்பில் ஒட்டி, நின்றதும் குளிர வைத்துவிடும். சீக்கிரம் காய்கிற டீஷர்ட் மூன்று, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட இந்த அடுக்குகள் நல்லவை. ஏறும்போது கழற்றலாம், நின்றால் போடலாம். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, அதில் ஒன்று தூங்குவதற்கு மட்டும். குரங்குக் குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி, சன் ஸ்கிரீன். உயரத்தில் வெயில் சுடாது, ஆனால் தோலை உரிக்கும். விதிக்கு விலக்காக ஒரு சாரம், அதான் லுங்கி, கொண்டு போகலாம். திறந்த வெளியில் துணி மாற்ற அதைப்போல ஒன்றும் கிடையாது. அதைக் கட்டிக்கொண்டு நடக்கத்தான் கூடாது.

ஹெட் லாம்ப், ஊன்றுகோல் இரண்டு, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, பவர் பேங்க். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ராத்திரி போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு தூங்க வையுங்கள். பைக்குள் எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிடுங்கள். மழை உறை மேலே இருந்தாலும் தண்ணீர் முதுகுப் பக்கமாக உள்ளே இறங்கும்.

தீனி

மூன்று வேளைச் சாப்பாட்டை ஏற்பாட்டாளர் பார்த்துக்கொள்வார். ரொட்டி, பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு. 3,700 மீட்டரில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். "ஏன் விறைப்பா இருக்கு?" என்று சமையல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வழியில் கொறிக்க நம் ஊர்ச் சாமானே போதும். பொரிவிளங்காய் உருண்டை மலையேற்றத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கும். நசுங்காது, கெடாது, ஒன்று தின்றால் ஒரு மணி நேரம் தாங்கும். பல் பத்திரம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டித் துண்டு, சுக்குப் பொடி. இட்லிப்பொடி ஒரு சின்ன டப்பா. ஐந்தாம் நாள் உருளைக்கிழங்கைப் பார்க்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். அல்வாவும் கொண்டு போகலாம். கோதுமைப்பால், சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்த அதைவிடச் சத்துள்ள உணவு ஏது? ஆனால் குளிரில் நெய் உறைந்து வெள்ளை பூத்து செங்கல்லாகிவிடும். ஸ்பூன் வளையும். பொட்டலத்தைச் சூடான டீ டம்ளர் மேல் இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் ஓரத்திலிருந்து பளபளவென்று இளகி வரும்.

போய்ச் சேர்வது

ரயிலில் போனால் நெல்லையிலிருந்தே கட்ராவுக்கு வண்டி இருக்கிறது. மூன்று ராத்திரி ஆகும். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். விமானம் என்றால் வாகைகுளத்திலிருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை போய், அங்கிருந்து மாறி மாறி ஸ்ரீநகர். கேஸ் சிலிண்டர் இரண்டிலும் கொண்டு போக முடியாது. ஸ்ரீநகரிலிருந்து சோனாமர்க் சுமார் 80 கிலோமீட்டர், கார் கிடைக்கும்.

வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். நடக்க ஆரம்பித்தால் அதுவும் கிடையாது. "அஞ்சாறு நாள் போன் வராது, பயப்படாதீய" என்று வீட்டில் அம்மாவிடம் முன்கூட்டியே, ஒரு தடவைக்கு நான்கு தடவை சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டை அசல், நகல் இரண்டும் வேண்டும்; வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகளில் பெயர் எழுதிவிட்டுத்தான் விடுவார்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் சாட்டிலைட் போன் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். கைச்செலவுக்குப் பணத்தை ஸ்ரீநகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிச்னாய் முகாம்: இங்கேதான் முடிவு

கணக்கைப் பாருங்கள். ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர். சோனாமர்க் 2,700. நடையின் முதல் நாள் சாயங்காலம் தூங்குகிற நிச்னாய் முகாம் 3,500 பக்கம். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்குகிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. இந்தப் பாதை முதல் நாளே அதைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் சோனாமர்க்கில் இரண்டு ராத்திரி தங்கச் சொல்கிறேன். பகலில் பக்கத்து மேட்டில் கொஞ்சம் ஏறி, இறங்கி வந்து கீழே தூங்குங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மது வேண்டவே வேண்டாம்.

முதல் தடவை நாங்கள் செய்தது வேறு. காலையில் வாகைகுளத்தில் விமானம் ஏறினோம், ஸ்ரீநகரில் ராத்திரித் தூக்கம், மறுநாள் சோனாமர்க், அதற்கு மறுநாள் காலையில் நடை. விமானம் ஏறும் வரை பேட்டை வெயிலில் நின்றவன், மூன்றாம் நாள் சாயங்காலம் 3,500 மீட்டரில்.

அன்றைக்கு நடை அழகான நடை. பைன் மரங்களுக்குள் செங்குத்தாக ஏறி 'டேபிள் டாப்' என்கிற சமவெளி, அங்கே ஒரு டீ. பிறகு பட்டை வெள்ளையாக உரிகிற பூர்ஜ மரங்கள், ஓடை, கற்கள். பேட்டைக்காரன் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான். சாயங்காலம் டீயோடு அல்வாப் பொட்டலத்தை இளக்கி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாளைக்குத் திங்கேன்."

அவன் அல்வாவை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"என்னல செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. லேசா மண்டையிடி."

"எப்பருந்து?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "டேபிள் டாப்புல இருந்து" என்றான். ஐந்து மணி நேரமாக மறைத்திருக்கிறான். எங்கள் வேகம் கெட்டுவிடக்கூடாதே என்று.

உயர நோய்க்கு அறிகுறி தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, அடித்துப் போட்ட சோர்வு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லேசாக இருந்தால் அதே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும், மேலே ஒரு அடி வைக்கக்கூடாது. கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நுரையோடு வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. நேர்கோட்டில் குதிகாலை அடுத்த காலின் நுனியில் வைத்து நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளையில் வீக்கம். இந்த இரண்டும் உயிருக்கு ஆபத்து. நடுராத்திரி என்றாலும் அப்போதே இறக்க வேண்டும். உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாமா, எவ்வளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்டால் விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும். தலைவலியை அமுக்கிவிட்டு மேலே ஏறுவதற்கான மாத்திரை இல்லை அது.

இந்தப் பாதையில் ஒரு பொறி இருக்கிறது. நிச்னாய் கணவாய் சுமார் 4,100 மீட்டர். அதைத் தாண்டி விஷன்சருக்கு இறங்கிவிட்டால், பிறகு உடம்புக்கு முடியவில்லை என்றால் திரும்பி வருவதற்கும் அதே கணவாயைத்தான் ஏற வேண்டும். முன்னே போனால் இன்னும் உயரமான கட்சர் கணவாய், ஏறக்குறைய 4,200. இரண்டு சுவருக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்கிற வைத்தியம் சுலபமாகக் கிடைக்கிற கடைசி இடம் நிச்னாய் முகாம். அங்கே சாயங்காலம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தலை எப்படி இருக்கு, சாப்பிட்டியா, எத்தனை தடவை ஒன்றுக்குப் போனே. "எல்லாரும் ஓகேயா?" என்று மொத்தமாகக் கேட்டால் எல்லாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள்.

ராத்திரி அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். விடிந்ததும் வழிகாட்டி பார்த்துவிட்டு, இறங்குங்கள் என்றார். சீட்டில் என் பெயர். ஒருவரும் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. உதவியாளர் ஒருவரோடு நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். மத்தியானம் சோனாமர்க். சாயங்காலம் அவன் இரண்டு தட்டு சோறு தின்றான். மற்ற இருவரும் வரும்வரை நாங்கள் ஸ்ரீநகரில் படகு வீட்டில் கிடந்தோம். தால் ஏரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவன் இன்னமும் சண்டை போடுகிறான்.

ஏரிகளில்

இரண்டாம் தடவை சோனாமர்க்கில் இரண்டு ராத்திரி, விஷன்சரில் ஓர் ஓய்வு நாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விஷன்சர், கிஷன்சர் இரண்டும் மேலும் கீழுமாக இருக்கும். கிஷன்சரின் தண்ணீர்தான் விஷன்சருக்கு வருகிறது. கட்சர் கணவாய் ஏறும்போது பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அந்த ஏற்றத்தில் இருபது அடி வைத்து ஒரு தடவை நில்லுங்கள். நம் ஊர் சப்பரம் போகிற வேகம் போதும். அன்றைக்கு நடை நீளம், 15 கிலோமீட்டர் பக்கம் வரும். அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஓடைகளைக் கடக்க வேண்டி வந்தாலும் காலைதான் நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானம் தண்ணீர் கூடும். கடக்கும் முன் பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும்.

இப்போது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. குறுக்குத்துறையிலும் கொக்கிரகுளத்திலும் குதித்து வளர்ந்த கால், நீல ஏரியைப் பார்த்ததும் நிற்காது. குதிக்காதீர்கள். பனி உருகி வந்த தண்ணீர் உடம்பில் பட்டதும் நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். தலை தண்ணீருக்குள் இருந்தால் அந்த மூச்சு தண்ணீராகத்தான் போகும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் மூழ்குகிறார்கள். மேலப்பாளையத்துக்காரன் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தான். நான் பத்து எண்ணும் முன்பே, "எம்மா!" என்று அலறிக்கொண்டு வெளியே வந்தான். பிறகு கால் மணி நேரம் பாதத்தில் உணர்ச்சியே இல்லை.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். கோடையில் பக்கர்வால் இடையர்கள் ஆடுகளோடு மேலே வந்து தங்குகிற மலைகள் இவை. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வெளிக்குப் போக, தண்ணீரிலிருந்து எண்பது எட்டாவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி, மூடிவிட்டு வாருங்கள். சோப்பை ஏரியிலும் ஓடையிலும் பயன்படுத்தாதீர்கள். மிட்டாய்க் காகிதம் வரைக்கும் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வர வேண்டும். ஆடிப் பெருக்கு முடிந்த மறுநாள் நம் ஆற்றங்கரை கிடக்கிற கோலம் தெரியும்தானே.

சத்சர் பக்கம் பெரிய பெரிய பாறைகள் மேல் தாவிப் போக வேண்டும். மழை பெய்தால் வழுக்கும். அவசரப்படாமல் போனால் ஒன்றுமில்லை. ஜாஜ் கணவாய் ஏறியதும் கீழே கங்காபல், நந்த்கோல், எதிரே ஹர்முக் சிகரம். கங்காபல் காஷ்மீரப் பண்டிதர்களுக்குப் புனித ஏரி, முன்னோரின் அஸ்தியைக் கரைக்கும் இடம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அங்கே சத்தம் போட்டுப் பாட்டு வைக்காதீர்கள். பேட்டைக்காரன் கரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அல்வாவைக் கேட்டு வாங்கித் தின்றான்.

இறக்கம்

கடைசி நாளை எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள். கங்காபலிலிருந்து நரநாக் ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம். முந்தின ராத்திரியே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட்ஸின் முனையில் இடித்து இடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். காலையில் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்து, கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். ஊன்றுகோலை ஏறும்போது வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். நரநாக்கில் பழைய காஷ்மீர் மன்னர் லலிதாதித்தர் காலத்தது என்று சொல்லப்படும் கற்கோயில் இடிபாடுகள் இருக்கின்றன. முழங்கால் அனுமதித்தால் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்ரீநகர் போகிற காரை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டி வைக்காமல் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பூட்ஸைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காயவையுங்கள். நம் ஊர் வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். என் முதல் ஜோடி அப்படித்தான் மொட்டைமாடியில் வாயைப் பிளந்தது.